ஆட்டமும் சூழ்ச்சியும்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு நாம் வீடு திரும்பியபொழுது கூடத்தில் விளக்கு எரியவில்லை. கணினித் திரையின் ஒளி மட்டும் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் நம் இளைய மகன் அதன் முன்னே அசையாது அமர்ந்திருந்தான். பாடம் படிக்கும் பிள்ளை அவ்வளவு அசையாதிருப்பதில்லை என்பது முப்பதாண்டு ஆசிரியத் தொழில் நமக்குக் கற்பித்த உண்மையாதலின், அருகே சென்று, "என்ன பார்க்கிறாய்?" என்று வினவினோம்.

"பழைய ஆட்டம், அத்தா. 2004-இல் கொரியாவில் நடந்தது. சின்ன ஆட்டம்தான், நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்" என்றான்.

தான் பிறப்பதற்கு முன் நடந்து முடிந்த ஒரு போட்டியை, அதுவும் முடிவு தெரிந்த போட்டியை, ஒருவன் விழித்திருந்து பார்ப்பானேன் என்னும் வியப்பே நம்மை அங்கு அமர்த்திற்று. பார்த்து முடித்தபின் நம் வாயினின்றும் வந்த முதற்சொல், "இது ஆட்டமா? திருட்டு!" என்பது. மகன் திரும்பி நம் முகத்தைப் பார்த்து, "அவர் எந்தச் சட்டத்தை மீறினார், அத்தா?" என்றான்.

அவ்வினாவுக்கு நாம் விடை கூறவில்லை. விடை தெரியாமையால் மட்டுமன்று. அதே வினாவை, ஏறத்தாழ அதே சொற்களில், வேறொரு பிள்ளையின் வாயினின்றும் 1997-இல் நாம் கேட்டிருக்கிறோம். அன்றும் விடை கூறவில்லை. அதனைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் அவ்விரவு கண்ட ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும். ஏனெனில் நம் வாசகருட் பலர், நம்மைப் போலவே, பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் நின்று இவற்றை அரைகுறையாகப் பார்த்தவராயிருத்தல் கூடும்.

ஸ்டார்கிராஃப்ட் என்பது 1998-இல் அமெரிக்காவின் பிளிஸார்டு நிறுவனம் வெளியிட்ட கணினி விளையாட்டு. இருவர் எதிரெதிரே ஆடுவர். சதுரங்கத்தைப் போல் முறைவைத்துக் காய் நகர்த்தும் வழக்கம் இதில் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் இயங்குகின்றனர். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தலைமையிடமும் நான்கு தொழிலாளரும் உண்டு. தொழிலாளர் கனிமம் வெட்டிச் சேர்ப்பர். அச்செல்வத்தைக் கொண்டு படை திரட்டலாம். அல்லது இரண்டாவது குடியிருப்பொன்று அமைத்து வருவாயைப் பெருக்கலாம். படைக்குச் செலவிடுபவன் இன்று வலியவன். குடியிருப்புக்குச் செலவிடுபவன் நாளை வலியவன். எதிரி எதனைத் தேர்ந்தான் என்பது தெரியாது. தன் ஆள் நிற்கும் இடத்தைச் சுற்றியன்றி மற்றெல்லாம் இருள் மூடிக் கிடக்கும். இருளுக்குள் ஆளனுப்பி உளவறிந்து, அறிந்ததைக் கொண்டு ஊகித்து, ஊகத்தின்மேல் செல்வத்தைப் பணயம் வைப்பதே ஆட்டம்.

தென் கொரியாவில் இது சிறுவர் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. கணினி விளையாட்டுக்கென்றே 2000-ஆம் ஆண்டில் அங்கே தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பட்டது. 2004 ஜூலையில் பூசான் நகரத்துக் குவங்கல்லி கடற்கரையில் நடந்த ஓர் இறுதிப் போட்டியைக் காண ஓரிலட்சம் பேர் திரண்டதாகக் கணக்குச் சொன்னார்கள். அக்காலத்து இருபெரும் ஆட்டக்காரர் இம் யோ-ஹ்வானும் ஹோங் ஜின்-ஹோவும். முன்னவரை மக்கள் 'பேரரசர்' என்றனர். பின்னவரைப் 'புயல்' என்றனர். 2001-இல் ஓர் இறுதிப் போட்டியில் இம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஹோங்கை வென்றது முதல், இவ்விருவரும் சந்திக்கும் ஆட்டங்களுக்கு 'இம்ஜின்ரோக்' என்றே பெயரிட்டு அழைத்தனர். 1592-இல் ஜப்பானியர் கொரியாவின்மீது படையெடுத்த போரைப் பற்றிய பழங்கதை நூலின் பெயர் அது; இருவர் பெயரிலும் உள்ள எழுத்துகள் அப்பெயரில் பொருந்தி நின்றமையால் இரசிகர் அதனைச் சூட்டினர். நம் நாட்டுப் புலவர்கள் சிலேடை பாடியது நினைவுக்கு வந்து நாம் இதனை மிக இரசித்தோம்.

2004 நவம்பரில் இவ்விருவரும் மீண்டும் சந்தித்தனர். அரையிறுதிப் போட்டி. ஐந்து ஆட்டங்களில் மூன்று வென்றவர் இறுதிக்குச் செல்வார். நாடே எதிர்பார்த்திருந்தது என்றால் மிகையன்று. பேரரசர் செய்தது இதுதான்: முதல் சில வீரர்களையும், அவர்களோடு கனிமம் வெட்ட வேண்டிய தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு நேரே எதிரியின் வாயிலுக்குச் சென்றார். ஹோங்கின் இரண்டாவது குடியிருப்பின் அருகே 'பங்கர்' எனப்படும் சிற்றரண் ஒன்றைக் கட்டினார். நான்கு வீரர் உள்ளே நின்று சுடலாம். வெளியிலிருந்து அடித்தால் சுவர்தான் சேதமுறும், அதனையும் தொழிலாளர் உடனுக்குடன் பழுதுபார்ப்பர். ஹோங் தம் தொழிலாளரையே போருக்கு இழுக்க நேர்ந்தது. அவர்கள் மடிய மடிய வருவாயும் மடிந்தது. ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்தது. இரண்டாம் ஆட்டத்திலும் அதே அரண். மூன்றாம் ஆட்டத்திலும் அதே அரண். மூன்றும் சேர்ந்து அரைமணி நேரம் ஆகவில்லை.

ஆட்டம் பார்த்துக்கொண்டே உண்ணலாம் என்று பொரித்த கோழிக்குச் சொல்லியனுப்பியவர்கள், கோழி வந்து சேருமுன் ஆட்டம் முடிந்துபோனதைக் கண்டனர் என்று கொரியாவில் இன்றும் நகைச்சுவையாகச் சொல்வார்களாம். அன்று அது நகைச்சுவையாயில்லை. பேரரசர்மீது வசைமாரி பொழிந்தது. கோழை என்றனர், ஆட்டத்தின் மானத்தை வாங்கிவிட்டார் என்றனர். எட்டு நாள் கழித்து நடந்த இறுதிப் போட்டியில், தாம் வளர்த்துவிட்ட இளையவரான சோய் யோன்-சங் என்பவரிடம் மூன்றுக்கு இரண்டாக அவர் தோற்றார். தோற்றபின் பலர் முன்னிலையில் கண்ணீர் விட்டார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரசிகர் இவ்வளவு கொதித்தும், போட்டியை நடத்தியவர்கள் அரையிறுதியின் முடிவை மாற்றவில்லை. அரண் கட்டலாகாது என்று எந்த விதியும் இல்லை. எதிரியின் வாயிலில் கட்டலாகாது என்றும் இல்லை. மூன்று முறை கட்டலாகாது என்றும் இல்லை.

இப்பொழுது 1997-க்கு வருவோம்.

நாம் அப்பொழுது காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு பள்ளியில் அரபு கற்பிக்கும் இளம் ஆசிரியர். ஆண்டு விழாவையொட்டிச் சடுகுடுப் போட்டி வைப்பார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால் இறுதி ஆட்டத்துக்கு நடுவராக நம்மை நிறுத்தினர். வேட்டியை மடித்துக் கட்டி ஊதலை வாயில் வைத்துக்கொண்டு நின்றோம். ஆட்டம் மிக நன்றாயிருந்தது. தென்னை மரத்தில் ஏறிப் பார்த்தவர்களும் உண்டு. முடிய ஒரு நிமிடம் இருக்கையில் ஓரணி ஒரு புள்ளி முந்தி நின்றது. பிந்தி நின்ற அணியிலிருந்து ஒரு மாணவர் பாடிச் சென்றார். மெலிந்த தேகம், ஆயினும் காற்றைப் போன்ற கால். நாலைந்து அடி சென்றவர் திடீரெனக் கணுக்கால் மடங்கியவராய் முகத்தைச் சுளித்து, ஒற்றைக் காலில் நொண்டலானார். பாட்டை மட்டும் விடவில்லை. எதிரணியினர் ஒருவரையொருவர் பார்த்தனர். கோத்திருந்த கைகள் தளர்ந்தன. ஒருவர் அவரைத் தாங்கிக்கொள்ளவே முன்வந்தார் என்றுதான் நமக்குத் தோன்றிற்று. அக்கணமே அந்தக் கால் நீண்டது. இருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிவிட்டார்.

கூட்டத்தில் ஒரு கணம் பேச்சில்லை. பின்னர்ப் பாதிப் பேர் ஆரவாரித்தனர். பாதிப் பேர் ஓவென்று கூவினர். நாம் ஊதலை ஊதி, இரண்டு புள்ளியும் செல்லாது என்று அறிவித்தோம். அம்மாணவர் ஓடி வந்து, "உஸ்தாத், நான் எந்தச் சட்டத்தை மீறினேன்?" என்றார். "பொய் நடிப்பு நடிப்பதற்கு இது நாடக மேடையன்று, போய் நில்" என்றோம். அவர் அணி ஒரு புள்ளியில் தோற்றது. அதன்பின் அவர் பள்ளியில் எவ்வாட்டத்திலும் கலந்துகொள்ளவில்லை. நம் வகுப்பில் மட்டும் முன்போலவே முன்வரிசையில் அமர்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாக விடை சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் நம்மை மிகவும் வருத்திற்று.

கொரியத்து அரணைக் கண்டபின் சில நாள்கள் இதே நினைவாயிருந்தோம். தந்திரத்தால் பெற்ற வெற்றி பார்ப்பவரின் சுவையைக் கெடுக்கின்றதா? கெடுக்கிறதென்றால், எது கெடுக்கிறது? மகனோ நம்மை விடுவதாயில்லை. "தந்திரமே கூடாதென்றால் இதையும் பாருங்கள்" என்று வேறோர் ஆட்டத்தைக் காட்டினான்.

இது டோட்டா 2 என்பது. ஐவர் ஐவராக இரண்டு அணி. இரு மூலைகளில் இரண்டு கோட்டை; இடையே மூன்று பாதை; பாதைதோறும் காவற்கோபுரங்கள். எதிரியை எத்தனை முறை வீழ்த்தினாலும் அவன் சற்று நேரத்தில் உயிர்த்தெழுவான். எதிரியின் கோட்டை நடுவிலுள்ள மூலக்கட்டடத்தை இடித்தவரே வென்றவர். 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், வழக்கமாக மேனாட்டுச் செவ்விசை நிகழும் பெனரோயா அரங்கில், இதன் உலகப் போட்டி நடந்தது. பரிசுத் தொகை மொத்தம் 28 இலட்சம் டாலருக்கு மேல். அதிற் பாதி முதலிடத்துக்கு.

அப்போட்டியில் உக்ரைன் நாட்டு அணியாகிய நேட்டஸ் வின்செரே சீன அணியான தோங்ஃபூவுடன் மோதியது. மூன்றாவது, முடிவான ஆட்டம். உக்ரைன் அணியில் டெண்டி என்பவர் கொக்கிச் சங்கிலி எறியும் கசாப்புக்காரன் வேடத்தை எடுத்தார். கொக்கியில் மாட்டியவன் கசாப்புக்காரன் காலடிக்கு இழுபடுவான். அவருடைய தோழர் பப்பி என்பவர் எடுத்த வேடத்துக்கோ, தன் அணியினன் ஒருவனைக் கணப்பொழுதில் தங்கள் இருப்பிடத்துக்குத் திருப்பியனுப்பும் ஆற்றல் உண்டு. கொக்கி பறந்துகொண்டிருக்கும் அந்த நொடியிலேயே கசாப்புக்காரனை ஊருக்கு அனுப்பிவிட்டால்? மாட்டியவன் ஆடுகளம் முழுவதையும் கடந்து இழுபட்டுப் பகைவரின் இருப்பிடத்து ஊற்றில் போய் விழுவான். அங்கே அந்நியர் உயிர் தரிப்பதில்லை. இதனை அவர்கள் செய்தார்கள். மீண்டும் மீண்டும் செய்தார்கள். தோற்றுக்கொண்டிருந்த ஆட்டம் திரும்பிற்று. அரங்கம் எழுந்து நின்றது. பின்னர் உலகெங்கும் வாதம் எழுந்தது: இது திறமையா, கணினிக் கட்டளைகளின் இடுக்கில் புகுந்த களவா? அவ்வாண்டு விதி அதனைத் தடுக்கவில்லை. பின்னர் வந்த திருத்தத்தில் அவ்வழி அடைக்கப்பட்டது.

ஊழின் விளையாட்டைப் பாருங்கள். இறுதிப் போட்டியில் அதே நேட்டஸ் வின்செரே அணி சுவீடன் நாட்டு அலையன்ஸ் அணியைச் சந்தித்தது. அலையன்ஸ் ஆடிய முறைக்கு இரசிகர் வைத்திருந்த பெயர் 'எலி ஆட்டம்'. படையோடு படை பொருதாமல் நழுவுவது. பகைவர் ஐவரும் ஒருபுறம் கூடியிருக்கையில் மறுபுறம் புகுந்து கோபுரங்களைக் கொறிப்பது. அவர்கள் திரும்பி வந்தால் மறைந்துவிடுவது. ஆண்மையற்ற ஆட்டம் என்று இதனைப் பழித்தவர் பலர். ஆனால் ஐந்து ஆட்டமும் நீண்டு, ஐந்தாவது ஆட்டத்தின் இறுதியில், ஒரு பக்கம் உக்ரைனியர் முன்னேறிக்கொண்டிருக்க மறுபக்கம் சுவீடன் அணியினர் அவர்கள் கோட்டையை இடித்துக்கொண்டிருக்க, காக்கும்பொருட்டு மந்திரச் சுருளால் ஊர் திரும்ப முயன்றவர்களை எஸ்4 என்னும் சுவீடன் வீரர் ஒரு வலையை வீசித் தடுத்து நிறுத்தினாரே, அந்தக் காட்சியை நாம் மூன்று முறை திருப்பிப் பார்த்தோம். முதல் முறை பார்க்கையில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டோம் என்பதை மகன் சொல்லித்தான் அறிந்தோம். ஐம்பத்தாறு வயதில், எலிக்குப் பரிந்துகொண்டு!

அப்பொழுதுதான் ஒன்று விளங்கிற்று. இவ்வாட்டங்களில் ஆடுபவருக்கு இருள் உண்டு. பார்ப்பவருக்கு இருள் இல்லை. எலி எந்த வளையில் நுழைகிறது என்பது வீட்டுக்காரனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவன் எப்பொழுது திரும்பிப் பார்ப்பான், பார்ப்பானா, பார்த்தும் காலம் கடந்துவிடுமா என்பதே நம் நெஞ்சத் துடிப்பு. சூழ்ச்சி செய்பவனுக்கு நாம் உடந்தை. இந்த உடந்தை எவ்வளவு உண்மையானதென்றால், பார்ப்போரின் கூச்சலைக் கேட்டு ஆடுபவர் மறைவை ஊகித்துவிடுவர் என்று அஞ்சி, ஆட்டக்காரரை ஒலிபுகாத கண்ணாடிச் சிற்றறைக்குள் அமர்த்தியும் காதை இறுக மூடும் கருவிகளை அணிவித்தும் ஆடச் செய்வது வழக்கமாயிற்று. சூழ்ச்சியே இல்லாத ஆட்டத்தில் பார்ப்பவனுக்கு இத்தகைய பங்கு ஏது?

ஆகவே தந்திரம் சுவையைக் கெடுப்பதில்லை. சுவைக்கு அதுவே உப்பு என்றுகூடச் சொல்லத் துணிவோம். அவ்வாறாயின் கொரியத்து அரண் ஏன் கசந்தது? முதல் ஆட்டத்தில் அது கசக்கவில்லை என்பதே நம் எண்ணம். இருளில் ஆள்கள் புறப்பட்டுச் செல்வதைக் கண்டபொழுது நமக்கும் மயிர் சிலிர்த்தது. இரண்டாம் முறையும் அதே ஆள்கள் புறப்பட்டபொழுது, "மறுபடியுமா!" என்று சிரித்தோம். மூன்றாம் முறை மறைவு எதுவுமே எஞ்சவில்லை. நமக்குத் தெரிந்தது ஹோங்குக்கும் தெரிந்திருந்தது. அல்லது தெரிந்திருக்க வேண்டும். எதிர்பார்த்து வந்த நெடும்போர் கிட்டவில்லை. பசித்திருந்தவன் முன் இலையை விரித்து உடனே எடுத்துவிட்டாற் போன்ற ஏமாற்றம் அது. ஆயின் இலை விரித்துப் பரிமாறுவதாகப் பேரரசர் யாருக்கும் வாக்களித்திருக்கவில்லை. அவர் வெல்ல வந்தார். மூன்றாம் முறையும் அந்த வாயிலைத் திறந்து வைத்தவர் மற்றவர்.

இச்சொற்களின் வரலாறும் நம் நினைவுக்கு வருகிறது. 'சூழ்ச்சி' என்றால் இன்று நமக்கு வஞ்சகம். வள்ளுவர் காலத்தில் அதற்கு ஆராய்தல், கலந்தெண்ணுதல் என்பதே பொருள். அமைச்சர்க்கு அது பெருமை. அரபியில் 'ஹீலா' என்னும் சொல்லும் அவ்வாறே. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், தாமே பொங்கி அடங்கும் நீரூற்றுகளும் விந்தைக் கலன்களும் செய்யும் முறையை விளக்கி எழுதிய நூலுக்கு 'கிதாபுல் ஹியல்' என்று பெயர். பொறியியலுக்கும் தந்திரத்துக்கும் ஒரே சொல்! தமிழிலும் 'பொறி' என்பது இயந்திரத்தையும் குறிக்கும். எலி பிடிக்கும் கண்ணியையும் குறிக்கும். நுண்ணறிவு ஒன்றே, அது நம் பக்கம் நின்றால் பொறியியல், எதிர்ப்பக்கம் நின்றால் கண்ணி.

ஆனால் நம் அரபு ஆசிரியர்கள் வேறு இரண்டு சொற்களைக் குழப்பலாகாது என்று எச்சரிப்பார்கள். 'குத்ஆ' என்பது பகைவனின் கணக்கைப் பிழையாக்கும் உத்தி. 'கத்ர்' என்பது கொடுத்த வாக்கை முறிக்கும் துரோகம். முன்னதற்குப் போர்க்களத்தில் இடமுண்டு. பின்னதற்கு அங்கும் இடமில்லை. ஆட்டத்தில் வாக்கு என்பது யாது? இருவரும் ஒரே களத்தில், ஒரே சுவர்களுக்குள் ஆடுகிறோம் என்னும் உடன்பாடு. பார்ப்பவனைப் பொறுத்தவரை, இருவரும் வெல்லவே ஆடுகின்றனர் என்னும் நம்பிக்கை.

2014 நவம்பரில் சுவீடனில் யோன்ஷோப்பிங் நகரத்தில் நடந்த கவுண்டர்-ஸ்டிரைக் போட்டியில் முதல் உடன்பாடு குலைந்தது. பிரெஞ்சு அணியாகிய எல்.டி.எல்.சி.க்குப் பெரிதும் பின்தங்கியிருந்த சுவீடனின் ஃபெனாட்டிக் அணியினர், ஒருவர்மேல் ஒருவர் ஏறி, களத்தை அமைத்தவர் எண்ணியிராத ஓரிடத்தில் ஆளை நிறுத்தினர். அங்கிருந்து களத்தின் பெரும்பகுதியைப் பார்க்கலாம், சுடலாம். ஆட்டத்தைத் திருப்பி வென்றுவிட்டனர். முறையீடு எழுந்தது. பிரெஞ்சு அணியும் சிறு அளவில் அத்தகைய இடமொன்றைப் பயன்படுத்தியிருந்ததாக எதிர்முறையீடு எழுந்தது. நடத்தியவர்கள் மீண்டும் ஆடப் பணிக்க, ஃபெனாட்டிக் விலகிக்கொண்டது, எல்.டி.எல்.சி. அப்போட்டியையே வென்றது. இதனையும் மகன் காட்டினான். முதலில் வியப்பாயிருந்தது, பிறகு சலிப்பாயிருந்தது. ஆட்டம் நடக்கும் வீட்டுக்குள் ஒருவன் ஒளிந்திருந்தால் அது கண்ணாமூச்சி. வீட்டின் கூரையைப் பிரித்து உட்கார்ந்திருந்தால் வேறு.

இரண்டாவது நம்பிக்கை குலைந்த கதை இன்னும் கொடியது. 2010-இல் கொரியத்து ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர் சிலர் சூதாடிகளிடம் பணம் பெற்று வேண்டுமென்றே தோற்றது வெளிப்பட்டது. புகழின் உச்சியில் இருந்தவர்களும் அதில் இருந்தனர். வாழ்நாள் முழுதும் ஆடத் தடை விதிக்கப்பட்டனர். அவர்களுடைய பழைய ஆட்டங்களை மகன் பார்ப்பதில்லை. "எது உண்மை, எது பொய் என்று தெரியாதே, அத்தா" என்றான். பேரரசரின் மூன்று அரண்களையோ இருபதாண்டு கழித்தும் பார்க்கிறார்கள். அந்த அரணில் நிகழ்ந்ததெல்லாம் உண்மை.

ஹோங் ஜின்-ஹோவைப் பற்றி ஒரு செய்தி. பெரும் பட்டம் எதுவும் கிட்டாமல் இரண்டாம் இடத்திலேயே நின்றவர் என்பதால் 'இரண்டு' என்னும் எண்ணோடு அவர் பெயரை இணைத்து இரசிகர் கேலி செய்வர். அவரும் அதனைச் சிரித்தே ஏற்றுக்கொண்டார். 2013-இல் 'தி ஜீனியஸ்' என்னும் தொலைக்காட்சிப் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். அது பேரம் பேசியும், உடன்படிக்கை செய்தும், எதிரியை மயக்கியும் வெல்ல வேண்டிய போட்டி! அரணுக்குள் அகப்பட்டவர் அதிலிருந்து ஏதோ கற்றுக்கொண்டார் போலும்.

இவற்றையெல்லாம் எண்ணியபின் நம் 1997-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்து வைத்துப் பார்த்தோம். அம்மாணவர் செய்தது எது? களத்தின் எல்லையைத் தாண்டவில்லை. பாட்டை நிறுத்தவில்லை. தோற்பதற்கு ஆடவில்லை. எதிரியின் கணக்கைப் பிழையாக்கினார். ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர் பிழையாக்கியது கணக்கை மட்டுமன்று, இரக்கத்தையும். மறுநாள் உண்மையாகவே கால் மடங்கிய ஒருவனைக் கண்டு எதிரணி கையைத் தளர்த்துமா? பேரரசரின் அரணுக்கும் அலையன்ஸின் எலிக்கும் இல்லாத ஒரு குறை அந்த நொண்டலுக்கு உண்டு. இதனை நாம் பல நாள் புரட்டிப் பார்த்தும் முடிவு காணவில்லை.

எனினும் அன்று நாம் அந்தக் காரணத்தால் தீர்ப்பளிக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆட்டம் அத்துணை அழகாக நடந்துகொண்டிருந்தது. கடைசி நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க எண்ணியிருந்தோம். அது இப்படி முடிந்துபோயிற்றே என்னும் எரிச்சல். கோழிக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருந்த கொரியனின் எரிச்சல்தான் அது. அவன் வீட்டிலிருந்து வைதான். அவனிடம் ஊதல் இல்லை. நம் வாயில் இருந்தது. பார்வையாளனின் மனக்குறையை நடுவரின் சட்டமாக்கி ஒரு பிள்ளையின் தலையில் வைத்துவிட்டோம்.

அவர் இப்பொழுது வளைகுடா நாடொன்றில் கணக்காளராயிருக்கிறார். ஒவ்வொரு பெருநாளன்றும் தவறாது தொலைபேசியில் சலாம் சொல்வார். இவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று அழைத்தபொழுது, நலம் விசாரித்து முடிந்தபின், அந்தச் சடுகுடுவைப் பற்றிய பேச்சை நாமே எடுத்தோம். எதிர்முனையில் சற்று நேரம் ஓசையில்லை.

"நினைவிருக்கிறது, உஸ்தாத்" என்றார்.

"அன்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். நீங்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. நொண்டியது நமக்கு இன்றும் பிடிக்கவில்லை. அதைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். புள்ளியைப் பறித்திருக்கக் கூடாது."

"எதிரணித் தலைவன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான், உஸ்தாத். எப்படி நடித்தாய், சொல்லிக்கொடு என்று கேட்டான்" என்று சிரித்தார். பிறகு, "இரண்டு புள்ளி அல்லவா?" என்றார்.

"இரண்டு."

"ஒரு புள்ளியில்தானே தோற்றோம்?"

"ஆம்."

"அப்படியென்றால் நாங்கள்தாம் ஜெயித்தோம், உஸ்தாத்."

நாம் ஆமென்றோம். அவர் அங்கே தம் பிள்ளைகளைக் கூவி அழைப்பது கேட்டது.